காலி வலை

லீக் செயலாளர் கொண்டுவந்து போட்ட பக்கங்களின் மேல் புரூஃப்காரரின் சிவப்புப் பேனா காலையிலிருந்து நிற்கவில்லை.

‘வட்டாரக் கால்பந்து லீக்: பொன்விழா வரலாறு.’ நூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைவர்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் படம் முப்பத்தொன்று. பந்து தெரிகிற படம் நாலு.

இதற்குப் பெயர் வரலாறாம்.

அவர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷமாகப் பிழை திருத்துகிறவர். அந்த மைதானத்திலோ அதற்கும் முன்பிருந்தே கிடந்தவர். கொஞ்ச காலம் ஆடியும் இருக்கிறார். பழைய ஆட்டப் பதிவேடுகளைக் கரையான் தின்று தீர்த்த பிறகு, நடந்தது தெரிந்தவர் என்று மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். அதனால்தான் செயலாளர் காலையில் வந்து கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“நீங்க அடிச்சா அடிச்சதுதான் சார். நீங்க விட்டா அதுதான் வரலாறு. மத்தியானம் மிஷின்ல ஏத்திடுவாங்க.”

அடிப்பதற்கு என்ன குறைச்சல்?

அதற்கும் முன்னால் மகள் போன் செய்திருந்தாள். வெளியீட்டு விழாவுக்கு மாமனார், மாமியார் எல்லாரையும் அழைத்து வருகிறாளாம். இரண்டு பிரதி தனியாக எடுத்து வைக்க வேண்டுமாம். புகுந்த வீட்டில் எல்லாரும் பெரிய படிப்பு, பெரிய உத்தியோகம். பிறந்த வீட்டுப் பெருமை என்று எடுத்துப் பேச அவளுக்கு அதிகம் கிடையாது. இருக்கிற ஒன்றைத்தான் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முதல் அத்தியாயத்தில், லீக்கை நிறுவியவர் என்று இப்போதைய தலைவரின் தாத்தாவைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெரிய மனுஷன் மைதானத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தார். தன் வீட்டு ஜன்னலை உடைத்த பந்தைத் திருப்பித் தர மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்.

அடித்தார்.

‘ஆயிரக்கணக்கான ரசிகர்கள்.’ இருந்ததே நாலு பெஞ்சு. அதில் ஒன்றுக்குக் கால் கிடையாது.

அடித்தார்.

அடுத்து, அதிக கோல் அடித்தவர்கள் பட்டியல். அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த லீக்கில் ஒரு விதி உண்டு. எதிரணி வராவிட்டால், வந்த அணி சும்மா வீட்டுக்குப் போய்விட முடியாது. நடுவர் விசில் ஊதுவார். ஒருவன் நடுக்கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு போய், ஆளே இல்லாத வலைக்குள் தள்ள வேண்டும். ஒன்றுக்குப் பூஜ்யம், ஆட்டம் முடிந்தது. ‘காலி வலை கோல்’ என்பார்கள். கொஞ்சம் ரோஷம் உள்ளவன் அதை அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டுதான் திரும்புவான்.

பட்டியலில் முதலிடம் பொருளாளரின் மச்சானுக்கு. நாற்பத்தொரு கோல். அதில் பதினேழு காலி வலை. அந்த வேலையை வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிற மகான் அவர். வலைக்கு முன்னால் ஒரு ஆள் நின்றுவிட்டால் அவருக்குக் கால் பின்னிக்கொள்ளும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, வேறென்ன?

பதினேழையும் அடித்தார். ஓரத்தில் ‘காலி வலை, சேராது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். மனசு குளிர்ந்தது. வெட்கம் மானம் என்று ஒன்று இருந்தால் இதையெல்லாம் ஒருவன் அச்சேற்றக் கொடுப்பானா?

நாற்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

‘லீக்கின் மிக வேகமான கோல்: பதினோரு விநாடி. மூன்றாம் ஆண்டு, சாம்பியன் யார் என்று தீர்மானித்த ஆட்டம். கொட்டும் மழை மூன்று தடுப்பாட்டக்காரர்களை ஏமாற்றி, பாய்ந்து விழுந்த கோல்கீப்பரின் விரல் நுனியைத் தாண்டி...’

பேனா நின்றது.

மழை உண்மை. அந்த மழையில்தான் பாலம் மூழ்கி, எதிரணி வந்த வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. தடுப்பாட்டக்காரர் மூன்று பேரும் அந்த வண்டிக்குள் இருந்தார்கள். பாய்ந்து விழுந்த கோல்கீப்பரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். மைதானத்தில் இருந்தது ஒரு நடுவர், நனைந்த பதினொரு பேர், ஒரு நாய். சேற்றில் பந்து நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. இல்லாவிட்டால் எட்டு விநாடியில் முடிந்திருக்கும்.

நடுவர் போய்ச் சேர்ந்து வருஷம் பத்தாகிறது. கூட ஆடியவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். கதை மட்டும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொல்லச் சொல்ல, வருஷத்துக்கு ஒரு தடுப்பாட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்துவிட்டது.

மறுபடி வாசித்தார். ‘கொட்டும் மழை’க்குப் பிறகு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டார். கோல் அடித்தவரின் பெயரைப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

மிஷின் அறையில் காகிதம் ஏற்றும் சத்தம் கேட்டது. செயலாளர் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

மேஜையில் போன் அடித்தது. மகள்தான்.

“அப்பா, மாமா பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. உங்க கோல் எத்தனாவது பக்கத்துல வருதுன்னு கேக்குறாரு.”

அவர் சிவப்புப் பேனாவைப் பார்த்தார். முள்ளில் மை இன்னும் நிறைய இருந்தது.

“நாப்பத்தெட்டும்மா,” என்றார்.

போனை வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தின் மூலையில் ‘பிழை இல்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.