நாலே நாளில் கூடும் எலும்பு

மூன்றாம் மாடிச் சாரத்துக்குக் கீழே கட்டியிருந்த வலையைக் காணோம்.

"வலை எங்கண்ணே?" என்று கேட்டாள் நிறைமதி.

"கழட்டியாச்சும்மா. விழுந்தா எலும்புதான் நாலு நாள்ல கூடிடுதே, வலை எதுக்கு தண்டமான்னு இன்ஜினியரு சொல்லிட்டாரு," என்றார் மேஸ்திரி. "எல்லாம் உன் புண்ணியம்!"

முறிந்த எலும்பைச் சீக்கிரம் கூடவைக்க ஊசியால் உள்ளே ஏற்றும் கண்ணாடிக் குழம்பைச் செய்த ஆய்வகத்தில் அவள் ஒப்பந்த ஊழியர். வருகிற சம்பளம் வாடகைக்கே போய்விடும். செங்கல் சுமந்து தன்னைப் படிக்க வைத்த அம்மா எலும்பு முறிந்து முடங்கிவிடக் கூடாதென்றுதான், ராப்பகலாகக் கிடந்து அது கூடும் வேகத்தை ஏற்றினாள். அந்த அம்மா மோனிஷா இந்த வருஷம் மூன்றாம் தடவையாக விழுந்து, காலை உடைத்துக்கொண்டு, இதோ நாலாம் நாளே வேலைக்கு வந்து நிற்கிறாள்.

"ஏறாதம்மா. வீட்டுக்கு வா."

"கால் கூடிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. இன்னிக்கு நான் ஏறலேன்னா வேற ஆளு ஏறிடும்டி."

"வலிக்கலையா?"

"வலிக்காம? வலிக்கெல்லாம் எவன்டி லீவு குடுக்குறான்?"

நிறைமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை நாலு வார்த்தை திட்டிடும்மா."

"உன்னை எதுக்குத் திட்டணும்?" மோனிஷா சும்மாட்டைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். "ஒண்ணு கேட்டா செய்வியா? அடுத்த தடவைக்குக் கொஞ்சம் லேட்டா கூடுற மாதிரி பண்ணுடி. ஒரு மாசம் படுத்துக் கெடக்கணும் போல இருக்கு."