பெயர் எழுதாத கேள்வி

திரையில் கேள்விப் பெட்டியின் மேல் சிவப்புப் புள்ளி விழுந்ததும் உமாசங்கர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

"ஏய், வந்திருச்சுலா! நெஜமான ஆளு!"

பேச்சுரிமைச் சட்டத்தைத் தமிழில் விளக்கும் இணையத்தளம் அது. சுங்கை பட்டாணியில் ஒரே கல்லூரியில் படிக்கும் மூன்று பேர் சேர்ந்து உருவாக்கியது. வடிவமைப்பு உமாசங்கர்; எழுத்து நளினி; சரிபார்ப்பது சுகந்தினி.

அரசியலமைப்பின் பத்தாவது விதி, தேச நிந்தனைச் சட்டம், இணையப் பதிவுகளுக்கான 233ஆம் பிரிவு எல்லாம் எழுதியாகிவிட்டது. அன்று காலைதான் தளத்தைத் திறந்து, வாட்சாப் குழுக்களில் இணைப்பை அனுப்பியிருந்தார்கள். கைதட்டும் படங்கள் குவிந்தன. கேள்வி மட்டும் வரவே இல்லை.

பக்கத்து ஊரான திகாம் பத்துவில் நளினியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூவரும் காத்திருந்தார்கள். மாலை வெயில் சாயும் நேரத்தில் வந்தது இது.

சுகந்தினி உரக்க வாசித்தாள்.

'நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஒரு தொழிற்சாலை கறுப்புத் தண்ணீர் விடுகிறது. வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். அழிக்காவிட்டால் போலீசில் புகார் செய்வோம் என்று அங்கிருந்து ஓர் ஆள் போன் செய்தார். அழித்துவிட்டேன். மறுபடி போட்டால் என்னைப் பிடிப்பார்களா? எனக்கு ஒரே மகள். அவள் படிப்பை நிறுத்திவிடுவார்களா?'

கீழே பெயர் இல்லை.

உமாசங்கர் மடிக்கணினியை இழுத்து மளமளவென்று தட்டினான். 'பயப்படாதீர்கள். உண்மைதானே? தைரியமாகப் போடுங்கள்.'

நளினி அதை அழித்தாள்.

"நம்ம சொல்லிட்டுப் போயிருவோம். போலீஸ் பாலாய்க்குப் போய் பதில் சொல்லப்போறது அவருதானே?"

அப்புறம் அவளே எழுத உட்கார்ந்தாள். எழுதுவதும் அழிப்பதுமாக நேரம் போனது. இவ்வளவு நாளும் பக்கம் பக்கமாக எழுதியவள், ஒரு வாக்கியத்துக்கு இப்படித் தடுமாறுவதை மற்ற இருவரும் பார்த்ததில்லை.

கண்ணால் கண்டதைக் காட்டுவது மட்டுமே குற்றமாகிவிடாது என்று எழுதினாள். புகார் கொடுத்தால் போலீஸ் விசாரணைக்கு அழைக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. யாரையும் திட்டாதீர்கள், எடுத்த வீடியோவைப் பத்திரமாக வையுங்கள், பதிவிடும் முன் இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள் என்றாள். அப்பா மேல் வழக்கு வந்தாலும் சட்டம் மகளின் படிப்பைத் தொடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாள்.

கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்.

'இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அவள் உங்களோடு நிற்பாள்.'

சுகந்தினி முகத்தைச் சுளித்தாள். "இது சட்டம் இல்லையே, நளினி. அந்தப் பொண்ணு நிப்பாளான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நளினி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

வாசலில் அவள் அப்பா காளிதாசன் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

நளினி சன்னல் வழியாகப் பார்த்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவர் கைபேசியை எடுத்துக் கண்ணருகே பிடித்திருந்தார். உதடுகள் அசைந்தன. விரலால் மேலே தள்ளி, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

அந்த வீடியோ ஒருநாள் முழுக்க அவர் பேஸ்புக் பக்கத்தில் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். அது காணாமல் போன வாரம்தான், இப்படி ஒரு தளம் செய்யலாமா என்று மற்ற இருவரையும் கேட்டாள்.

வெளியே வேன் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"நளினி," என்று கூப்பிட்டார் அப்பா. "கொஞ்சம் வெளிய வாம்மா. உங்கிட்ட ஒன்னு சொல்லணும்."