அக்கரைக் குடியரசு

"உங்க நாட்டுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளுங்க" என்றார் வெளிநாட்டு உதவித் துறைச் செயலாளர் அம்மாள்.

எதிரே உட்கார்ந்திருந்த தூதருக்கு வியர்த்தது. போட்டிருந்த கோட்டு அவருடையதல்ல. எதிர்த்தெருத் தையல் கடையில் வாடகைக்கு எடுத்தது. நாடும் அவருடையதல்ல, அப்படி ஒரு நாடே கிடையாது. உள்நாட்டிலேயே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஓர் ஊரின் தலைவர் அவர்.

பாலம் கேட்டுப் பதினோரு வருடம் மனுப் போட்டார். 'நாடு வல்லரசாகிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருக்கவும்' என்று பதினோரு பதில்கள் வந்தன. அதற்குள் வெளிநாடுகளுக்கு மட்டும் நாற்பது பாலங்கள் அன்பளிப்பாகப் போய்விட்டன. இப்போது மகளுக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரி இக்கரையில். மழை பிடித்தால் படகு ஓடாது. மனிதர் வேறு வழியில்லாமல் வெளிநாடாகிவிட்டார்.

தூதர் வாயில் வந்ததையெல்லாம் உருட்டி நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த மைத்துனன், "பாலம்னு சொல்றாருங்க" என்றான்.

"அவ்வளவு நேரம் பேசினாரே?"

"எங்க மொழியில பாலம் கொஞ்சம் நீளம்ங்க."

செயலாளர் அம்மாளின் பார்வை தூதரின் கோட்டில், மூன்றாவது பொத்தானில் போய் நின்றது. மற்றதெல்லாம் கறுப்பு, அது மட்டும் பச்சை.

தூதர் பதறிப்போய்த் தேநீரை எடுத்து மடக்கென்று குடித்தார். "ஐயோ, அம்மா!"

"உங்க மொழியிலயும் அப்படித்தானா?"

"சுட்டா எல்லா நாட்டுக்காரனும் அப்படித்தாங்க" என்றான் மைத்துனன்.

"சரி. வெளிநாட்டு வேலைன்னா எங்களுக்கு மானப் பிரச்சினை. இருபதே நாள்ல பாலம் நிக்கும். எங்க இன்ஜினியருங்க எப்படி வரணும்? விமானமா, கப்பலா?"

"எதுக்குங்க வீண் செலவு? டவுன் பஸ்லயே வந்துடலாம்" என்ற மைத்துனன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜெயிலில் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டவிடுவார்களா என்று தூதர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

செயலாளர் அம்மாள் காகிதத்தில் 'டவுன் பஸ்' என்று நிதானமாக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்தி நீட்டினார்.

தூதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மைத்துனனையும் இழுத்தபடி வாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"தலைவரே!"

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வாசல்லயே கோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போங்க. அந்தப் பச்சைப் பொத்தான், முதல்முதல்ல எங்கப்பா தூதரா வந்தப்ப நான் தைச்சது. நீங்க ஏழாவது நாடு. எட்டாவது நாடு வெளியில பனியனோட உட்கார்ந்திருக்கு."