தாய்மாருக்கான மூன்று மணி

மூன்று மணிக்கு மணி அடித்தது. தையல் மெசின்களை விட்டு ஒருத்தியும் எழும்பவில்லை.

ஹெக்டருக்கு எரிச்சலாக இருந்தது. கொழும்பிலிருந்து மனேச்சராக வந்த கையோடு அவர் மல்லுக்கட்டி வாங்கிய சலுகை இது. சின்னப் பிள்ளை உள்ள தாய்மார் சம்பளம் குறையாமல் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம். வேலையோடு குடும்பத்தையும் பார்க்க விட்டால்தான் ஆட்கள் நிலைப்பார்கள் என்று முதலாளிமாரிடம் எவ்வளவு கதைத்திருப்பார். இவர்களானால் குனிந்த தலை நிமிராமல் தைக்கிறார்கள்.

காரணத்தை நேற்றே சொல்லியிருந்தார்கள். ஐந்து மணிக்குக் கம்பனி பஸ்ஸில் எல்லோரும் ஒன்றாகப் போனால், வழியில் மறித்துச் சோதிக்கிற சென்றியில் ஆமிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவிடுவார்கள். தனியாக வருகிறவளை உள்ளே கூப்பிடுவார்கள். போன மாதம் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். மீதியைச் சொல்லாமல் மெசினுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதைக் கேட்டு ஹெக்டர் சிரித்திருந்தார். பட்டப்பகலில் என்ன பயம், கம்பனி அட்டையைக் காட்டினால் போதாதா? ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து அவர் காரில் வரும்போது அந்த அட்டையைப் பார்த்துத்தானே சல்யூட் அடிக்கிறார்கள்.

ராசமலரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தார். அவளிடம் போய், வீட்டுக்குப் போங்கோ என்று அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னாலும் மனேச்சர் சொன்னால் சொன்னதுதான். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தாள்.

பக்கத்து மெசினில் இருந்த சீலாவும் கூடவே எழுந்தாள்.

“நானும் அவவோட போகட்டோ, சேர்?”

சீலாவுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. சலுகை தாய்மாருக்கு மட்டும்தான், ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று ஹெக்டர் அவளை இருக்கச் சொன்னார்.

ராசமலர் தனியாகக் கேற்றைத் தாண்டிப் போனாள்.

ஐந்து மணிக்குப் பஸ் போனது. ஹெக்டர் தன் கந்தோர் அறையைப் பூட்டிக்கொண்டு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கேற்றடியில், சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த ராசமலரின் புருஷன் மூச்சு வாங்க நின்றான். துவாயால் சுற்றிய பிள்ளை அவன் தோளில் அனுங்கிக்கொண்டிருந்தது.

“ராசமலர் பஸ்ஸில வரேல்ல, சேர். இண்டைக்கு ஓவர்டைமோ?”

மூன்று மணிக்கே அனுப்பிவிட்டேன் என்று சொல்லத்தான் ஹெக்டர் வாயைத் திறந்தார். ஓம், ஓவர்டைம்தான் என்றுதான் வந்தது.

அவன் முகம் தெளிந்தது. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவளைக் கூட்டிப் போவதற்காகக் கேற்றடியில் குந்தினான்.