விளையாட்டுச் சந்தை

கரும்பலகையில் எழுதிய தேதியை ஆசிரியை அக்பெனே மறுபடியும் அழிக்கிறாள். சுண்ணத்தூள் மணிக்கட்டில் மாவாக ஒட்டுகிறது. தலைநகர் அக்ராவில் நடக்கும் பொருளாதாரக் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக எந்த நாளைக் குறித்தாலும், ஐந்து நாளுக்கொரு முறை கூடும் ஊர்ச் சந்தை அதன் தலையிலேயே வந்து விழுகிறது. சந்தையன்று பாதி வகுப்பு காலி. இனி வெள்ளிக்கிழமை மட்டும்தான் இடம் என்று கண்காட்சிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த வெள்ளியும் சந்தைதான். சாய்ந்த வெயில் பெஞ்சுகளின்மேல் படுத்துக் கிடக்கிறது. வாசலில் மாணவி எலிக்கெமின் அம்மா யாவா, தலையில் புகைபோட்ட மீன் தட்டோடு நிற்கிறாள். "வெள்ளிக்கிழமை அவ வரமாட்டா மேடம். சந்தையில தக்காளி விக்க யாரு உக்காருறது? நீங்க வர்றீங்களா?" அக்பெனேவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "அப்படி என்னதான் காட்டுறாங்க அங்க?" என்று யாவாவே கேட்கிறாள். "சந்தை எப்படி நடக்குதுன்னு காட்டுறாங்க யாவாக்கா. பிள்ளைங்களே கடை போட்டு வித்து விளையாடலாம்." யாவா தட்டை இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். மீனில் ஈ உட்காருகிறது, அவள் விரட்டவில்லை. "விக்காம மிஞ்சிப்போனா?" "மிஞ்சினா என்ன, விளையாட்டுதானே." "யாரும் திட்டமாட்டாங்க?" "மாட்டாங்க." வெளியே மாமரத்தடியில் எலிக்கெம் காலிக் கூடையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். யாவா அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு தட்டைத் தலைக்கு ஏற்றுகிறாள். "அப்ப போகட்டும் மேடம். ஒருநாளாவது விளையாட்டுக்கு விக்கட்டும்."