பால்கனிக்குப் பின்னால் ஓர் அறை

"உங்க வீட்டுக்காரர் ரசனைக்காரர்மா," என்றார் தியேட்டரைப் புதுப்பிக்க வந்த இன்ஜினியர். "பால்கனிக்குப் பின்னால இரண்டே நாற்காலி போட்ட அறை, பின்தெருவிலிருந்து நேரா ஏறி வரத் தனிப் படிக்கட்டு. கட்டும்போதே யோசிச்சு வச்சிருக்கார்."

மகள் பூரித்துப்போனாள். "அப்பாவுக்கு அம்மான்னா உயிர் சார். இந்த அறையை மட்டும் தொடாதீங்க. அவர் ஞாபகமா இருக்கட்டும்."

முப்பது வருஷம் கீழே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மா, நாற்காலியின் வெல்வெட்டை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

"கரண்ட் ரூம், கிட்டப் போனா ஷாக் அடிக்கும்னு சொல்லியே பூட்டி வச்சிருந்தார். நான் இன்னைக்குத்தாண்டி உள்ளே வர்றேன்."

அம்மா இன்ஜினியரிடம் திரும்பினாள்.

"முதல்ல இதை இடிச்சிடுங்க தம்பி."