வளைந்த பல்

கொளஞ்சியம்மாள் என் நெம்புகோலின் பல்லைக் கருங்கல்லால் அடித்து வளைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால், வரப்பில் நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுபடியும் பல் போய்விட்டது என்று தோட்டத்துச் சொந்தக்காரர் ராமசாமி போன் செய்திருந்தார். சின்னசேலத்திலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று வளைந்துவிடுகிறது. இரும்பைத் திட்டினேன், இரும்பு விற்றவனைத் திட்டினேன். கடைசியில் என் கைவேலையையே சந்தேகப்பட்டேன்.

அடிப்பாவி, நீயா?

வெல்டிங் பட்டறை போட்ட நாளிலிருந்து நான் செய்ததெல்லாம் இரும்புக் கேட்டும் கிரில்லும்தான். எல்லாமே அடுத்தவனை உள்ளே விடாமல் இருப்பதற்கு. அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் இவள் பட்டறைக்கு வந்து உள்ளங்கையை விரித்தாள். மரவள்ளி பிடுங்கிப் பிடுங்கித் தோல் உரிந்திருந்தது. இதற்கு ஏதாவது செய்து கொடுக்கச் சொன்னாள்.

செய்தேன். பல் தண்டைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை அமுக்கினால் மொத்தக் கிழங்கும் முழுசாக மேலே வந்துவிடும். அவள் உயரத்துக்குத்தான் கைப்பிடியையே வைத்தேன்.

முதல் செடி வந்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இதற்குத்தானடா பிறந்தாய் சுஐப் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் மனைவி தாஹிராவின் காது புளிக்கும்வரை இதே பேச்சு.

ராமசாமி தன் தோட்டத்துக்கென்று இன்னும் சில கேட்டார். ஆளைக் குறைக்கக் கூடாது, கூலியைக் குறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அவரும் குறைக்கவில்லை. அதே பெண்கள், அதே கூலி. அப்புறம் என்ன கேடு இவளுக்கு?

“யக்கா!” என்று கத்திவிட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். கல்லை மட்டும் கீழே போடவில்லை. ராமசாமி பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

“கையால புடுங்குனா கொஞ்சம் கெழங்கு ஒடிஞ்சி மண்ணுலயே நின்னுடும் பாய். லாரி போனப்பறம் அத நோண்டி எடுத்துக்கினு போய்த்தான் எங்க வூட்ல ஒல வெப்போம். நீங்க செஞ்சது ஒரு துண்டக்கூட வுடமாட்டேங்குதே.”

இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அறுவடை முடிந்த தோட்டத்தில் பெண்கள் சாக்கோடு உட்கார்ந்து மண்ணை நோண்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே? முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கல்லைத் தூக்குவாளா?

ராமசாமி மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். பல்லுக்கு என்ன ஆனது என்று கேட்டார்.

கொளஞ்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மண்ணுக்கு என் நெம்புகோல் சரிப்படாது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

அவற்றை வண்டியில் ஏற்றிக் கட்ட, கொளஞ்சியம்மாள்தான் முதலில் ஓடிவந்து கயிறு பிடித்தாள்.